யாழ்ப்பாணத்தில் தவளைக்கண் தேடிய ஐந்து நாட்கள்

ஜூலை 3, வியாழன் – பலாலி, நல்லூர்

பலாலியில் விமானப் படியில் கால் வைத்ததும் தொப்பி பறந்துவிட்டது. விமான நிலையப் பணியாளர் ஒருவர் ஓடிப்போய்ப் பிடித்துக் கொடுத்து, "சோளகம் தம்பி, தொப்பியைக் கையில வைச்சிருங்கோ" என்றார். தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இங்கே அந்தப் பெயர். ஐந்து நாளும் அது என்னை விடவில்லை. வாயில் எப்போதும் கொஞ்சம் புழுதி.

வந்த காரணத்தைச் சொன்னால் என் வீட்டில் சிரித்த மாதிரி நீங்களும் சிரிக்கலாம். போன தை மாதம் டொராண்டோ நண்பர் ஒருவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் வந்துவிட்டு ஒரு படம் அனுப்பினார். மணப்பெண்ணும் தோழிகளும் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் ஒரு ஓலைக் கொட்டகை. அதன் இருட்டுக்குள், தகரக் குவியலுக்கு மேலே, இரண்டு உருண்டைகள் முழித்துக்கொண்டிருக்கின்றன. மணப்பெண்ணின் முகம் எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

அந்தக் கண்கள் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருடையவை. 1958 முதல் 1961 வரை வந்த முதல் மாடல். பொனட்டின் மேல் ஹெட்லைட் துருத்திக்கொண்டு நிற்பதால் 'தவளைக்கண்' என்று செல்லப் பெயர். முதலில் வேண்டாதபோது மடித்து வைக்கிற மாதிரி லைட்டுதான் யோசித்தார்கள். செலவு கட்டுப்படியாகாமல் அப்படியே நிறுத்திவிட்டார்கள். சிக்கனத்தில் பிறந்த முகம். 948 சிசி என்ஜின், 43 குதிரைத்திறன், பூஜ்யத்திலிருந்து அறுபது மைல் வேகத்தைத் தொட இருபது விநாடி. இன்றைக்கு எங்கள் கோவை அவிநாசி ரோட்டில் எந்த ஸ்கூட்டியும் இதை முந்தத் தயங்காது. ஆனாலும் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கின் புழுதி குடித்து வளர்ந்தவனுக்கு இது சாமி வண்டி. உலகத்தில் சுமார் 49,000தான் செய்தார்கள். அதில் ஒன்று யாழ்ப்பாணத்தில் தகரத்துக்கு அடியில் கிடக்கிறது.

முகவரி? "மானிப்பாய்ப் பக்கம், ஒரு மாஸ்டர் வீடு." அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு மாஸ்டர், அதாவது வாத்தியார், வீடு என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

பலாலியிலிருந்து நல்லூருக்கு ஆட்டோ 2,500 ரூபாய், நம் காசுக்கு 700 சொச்சம். சுன்னாகம் சந்தையருகே ஒரு பழைய கார் வாழைக்குலைகளைத் தலையில் கட்டிக்கொண்டு எதிரே வந்தது. "ஆஸ்டின் ஏ40!" என்று கத்திவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஓம், ஒஸ்ரின்" என்றார், மாடு போகிறது என்கிற தொனியில். அடுத்த சந்தியில் நின்ற வண்டியைக் காட்டி "அம்பாசடர் கூட இருக்கே" என்றதும் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "அது மொறிஸ் ஒக்ஸ்போர்ட். உங்கட அம்பாசடர் இதைப் பார்த்துச் செய்தது." உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் மாடல்தான் இந்தியாவுக்கு வந்து 2014 வரை அம்பாசடராக ஓடியது. வாயை மூடிக்கொண்டேன்.

தங்கிய வீட்டு அக்கா இரவுக்குப் புட்டும் மாம்பழமும் வைத்தார். கறுத்தக்கொழும்பான். தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே குங்குமம். புட்டோடு மாம்பழத்தைப் பிசைவதை முதலில் சந்தேகமாகப் பார்த்தேன். இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன்.

ஜூலை 4, வெள்ளி – பருத்தித்துறை

இன்றைய கதையை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

காலையில் அக்கா பேச்சுவாக்கில் ஒரு வாகனப் புரோக்கரின் எண்ணைக் கொடுத்தார். ஸ்ப்ரைட் என்றால் அவருக்குச் சோடாதான் தெரிகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட், எம்ஜி மாதிரி என்று விளக்கினேன். "எம்ஜியோ? ஒண்டு பருத்தித்துறையில நிக்குது. நல்ல கொண்டிசன். வெள்ளை." என் கை நடுங்கியது. எம்ஜி என்ற பழைய இங்கிலாந்துக் கம்பெனியின் எம்ஜிஏவாக இருக்குமா, மிட்ஜெட்டாக இருக்குமா? மிட்ஜெட் என்றால் ஸ்ப்ரைட்டின் உடன்பிறப்பு. இரண்டுமே இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை.

வாடகை ஸ்கூட்டரில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். காற்று பக்கவாட்டிலிருந்து தள்ளுகிறது, பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நிற்கின்றன. நெல்லியடிக்குச் சற்று முன்னால் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் கடைப் பலகையில் 'ரயர் ஒட்டப்படும்' என்று எழுதியிருந்தது. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, "இந்தியாவோ? கோயமுத்தூரோ? அங்க மழையோ?" என்று விசாரித்தவர், ஒட்டு காய்கிற நேரத்தில் பையனை அனுப்பி எனக்குப் பிளேன்டீ வாங்கி வரச் சொன்னார். கூலி 300 ரூபாய். டீக்குக் காசு கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பருத்தித்துறையில் புரோக்கர் கேட்டைத் திறந்தார். உள்ளே எம்ஜி இசட்எஸ். சீனாவில் செய்த, ஐந்து பேர் உட்காரும், தொடுதிரை வைத்த எஸ்யூவி. எம்ஜி என்ற பெயர் எப்போதோ சீனக் கம்பெனிக்குப் போய்விட்டது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் முப்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். புரோக்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எம்ஜி எண்டுதானே கேட்டனீங்கள்?" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கடற்கரையில் உட்கார்ந்து பருத்தித்துறை வடை தின்றேன். நம் ஊர் தட்டையின் அக்கா என்று சொல்லலாம். மெல்லிசு, காரம், கடித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற சத்தம். ஒரு பாக்கெட் போதும் என்று வாங்கி மூன்றோடு எழுந்தேன்.

ராத்திரி மீன் குழம்பு கிடைக்கும் என்று வந்தால், "இண்டைக்கு வெள்ளி, மச்சம் இல்லை" என்றார் அக்கா. சரி, சொதியும் இடியாப்பமும். குறை இல்லை.

ஜூலை 5, சனி – கொக்குவில்

ஒரு கராஜில் பாதி நாள். வேப்பமரத்தடியில் ஆறு வண்டிகள், ஆறுமே என்னைவிட மூத்தவை. மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். எல்லாரும் 'அண்ணை' என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன்.

இத்தனை ஆஸ்டினும் மாரிஸும் இங்கே எப்படித் தப்பின என்று கேட்டேன். "தப்பேல்லை தம்பி, விடேல்லை" என்றார். 1990க்குப் பிறகு சண்டைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பெட்ரோல் வருவது நின்றுபோனது. புது வண்டியும் இல்லை, பாகமும் இல்லை. இருந்ததை வைத்து ஓட்டினார்கள், அதுவும் மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் பற்றாது. அதனால் ஆஸ்பத்திரிச் சலைன் போத்தலில் இரண்டு மூடி பெட்ரோல் விட்டு, குழாயை நேரே, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குக் கொடுப்பார்கள். என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்புறம் இன்னொரு சிக்கல்: மண்ணெண்ணெய் நெருக்கம் தாங்காது, பிஸ்டன் அழுத்தும்போது முன்கூட்டியே வெடித்து என்ஜின் கடகடவென்று தட்டும். அதற்கு, என்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே அடைப்பாக வைக்கிற கஸ்கெட்டில் அண்ணை வைத்தியம் சொன்னார்: "ஹெட் கஸ்கெட் ரெண்டு. ஒண்டுக்கு மேல ஒண்டு. ஹெட் கொஞ்சம் உயரும், நெருக்கம் குறையும், தட்டாது." எரியாத மண்ணெண்ணெய் வழிந்து கீழே ஆயிலில் கலந்துவிடும். ஆயில் தண்ணீராகிவிடும். "ஆயில் கூடுற கார் பாத்திருக்கிறீங்களோ? நாங்கள் பாத்தனாங்கள்."

கம்ப்ரஷன் ரேஷியோ என்கிற அந்த நெருக்கத்தைப் பற்றி நான் புத்தகத்தில் படித்ததை இவர் தகரத்திலும் செம்பிலும் வெட்டிப் பார்த்திருக்கிறார். கோவையில் என்ஜினை உயிராக நினைக்கிற ஆட்களோடு பழகியவன்தான் நான். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

ஸ்ப்ரைட்டைப் பற்றிக் கேட்டேன். போனில் படம் காட்டினேன். தலையாட்டினார், தெரியாது. கிளம்பும்போது, கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். "உதின்ர என்ஜின் என்ன?" மாரிஸ் மைனர் காரின் என்ஜின்தான், ஏ சீரிஸ், ஆனால் கார்பரேட்டர் இரண்டு என்றேன்.

அண்ணை நின்றுவிட்டார். "ரெண்டு காபரேட்டர் வைச்ச மைனர் ஒண்டு சண்டிலிப்பாயில ஓடுது. ஒரு மாஸ்ரற்ற. நான் நினைச்சன் அவர் விளையாட்டுக்குப் போட்டவரெண்டு."

கம்பெனியிலிருந்து எந்த மைனரும் இரட்டை கார்பரேட்டரோடு வரவில்லை. சாலையோரத்தில் பத்து நிமிடம் சும்மா நின்றேன்.

மாலையில் நல்லூர் ரியோவில் ஐஸ்கிரீம். கூட வந்த அக்காவின் மகனுக்கு வயது பத்தொன்பது, போன் முழுக்க ஜப்பான் ஏல வண்டிகள். ஏலத் தாளைப் படிக்க எனக்கே பாடம் எடுத்தான்: நாலரை என்றால் நல்ல வண்டி, ஆர் என்று போட்டிருந்தால் அடிபட்டுச் சரிசெய்தது, வரைபடத்தில் எந்தக் கதவில் என்ன கீறல் என்று குறித்திருக்கும். அவன் கனவு மாஸ்டா ஆர்எக்ஸ்-7, 2002ல் நின்றுபோன கடைசி மாடல். சுழலி என்ஜின், 1308 சிசிதான். "இஞ்ச வரி சிசிக்குத்தானே அண்ணா, ஆர்எக்ஸ்-7க்கு வரி எவ்வளவு குறையும் யோசிச்சுப் பாருங்கோ!" என்று கண்ணை விரித்தான். ஆனால் 2020ல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பிப்ரவரியில் திறந்தபோதும் வயது வரம்பை விடவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார் உள்ளே வர முடியாது. கனடாவிலோ பதினைந்து வருடம் தாண்டியதைத் தாராளமாக இறக்கலாம். இவனுடைய பெரியம்மா மகன் டொராண்டோவில் ஆர்எக்ஸ்-7 வாங்கிவிட்டான். ஸ்டீயரிங் வலது பக்கம், ஊர் ஓட்டுவதும் வலது பக்கம். டிரைவ்-த்ரூவில், காரில் இருந்தபடியே ஜன்னலில் காபி வாங்க, எட்டி எட்டி விழுகிறானாம். "இஞ்ச வந்தா சரியான பக்கம் இருக்கும்" என்றான் பையன். இங்கே அப்போது பழைய வேகன் ஆர் ஒன்றே அறுபது எழுபது லட்சம் சொன்னார்கள்.

ஜூலை 6, ஞாயிறு – சண்டிலிப்பாய்

கேட்டருகே ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மைனர் தெரிந்தது. சாம்பல் நிறம், நம்பர் பலகையில் பழைய சிங்கள ஸ்ரீ. மாஸ்டருக்கு எண்பத்திரண்டு வயது, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆர் நீங்கள்?" என்றுகூடக் கேட்காமல், "வாங்கோ, வெயிலுக்க நிக்காமல் இருங்கோ" என்றார். மோர் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆர் நீங்கள்.

போன் படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். "உது எங்கட பேத்தியின்ர கலியாணம்" என்று சிரித்தார். "நீங்கள் அதைப் பாக்க வரேல்லை, அதுக்குப் பின்னால நிக்கிறதைப் பாக்க வந்திருக்கிறியள்."

கொட்டகை கொல்லைப்புறத்தில். மாஸ்டரின் மனைவி, நான் அம்மா என்று கூப்பிட்டவர், முன்னால் போய்த் தகரங்களை விலக்கினார். ஆறு மாதமாகக் கனவில் வந்த முகம் அங்கே இருந்தது, ஒரு கண்ணில் கண்ணாடி இல்லை. ஸ்ப்ரைட்டின் பொனட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, லைட்டு, மூக்கு எல்லாம் ஒரே துண்டாக முதலை வாய் மாதிரி மேலே எழும்பும். அம்மா அதை ஒரு கையால் தூக்கி உலக்கையை முட்டுக் கொடுத்தார். உள்ளே என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல். வைக்கோலிலிருந்து நான்கு கோழிகளும் ஒரு சேவலும் இறங்கி என் காலைக் கடந்து போயின.

இந்தக் காருக்கு டிக்கிக் கதவு கிடையாது. சாமான் வைக்க வேண்டுமானால் சீட்டைச் சாய்த்து உள்ளே குகைக்குள் கை விட வேண்டும். கார்ப் பத்திரிகைகள் அறுபது வருடமாகக் குறை சொல்கிற விஷயம். அம்மாவின் குறையும் அதுதான். "முட்டையெல்லாம் உந்தக் கடைசியில போய்த்தான் இடுதுகள். எனக்குக் கை எட்டாது. சின்னவளைத்தான் உள்ளுக்க விடுறது."

வாங்கியவர் மாஸ்டரின் அண்ணர், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் என்ஜினியர். 1964ல் மலையகத் தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கி அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என்ன விலை என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை, தன் தாயாரிடம் பயம். நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஒரே ஒரு முறை ஓட்டினாராம். கடைசியாக வந்தாராம். பிறகு லண்டன் போய்விட்டார், கார் தம்பியிடம்.

"தொண்ணூற்றிரண்டில மைனரின்ர புளொக் வெடிச்சுப்போச்சு. புதுசுக்கு எங்க போறது? ரெண்டும் ஒரே சாதி என்ஜின். தூக்கி இதுக்குள்ள வைச்சம்."

கைவிளக்கு வாங்கிக்கொண்டு மைனரின் பொனட்டுக்குள் குனிந்தேன். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் ஒரு சின்னத் தகடு, முப்பது வருடக் கிரீஸ். வேட்டித் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தேன். மைனர் என்ஜின் என்றால் 9எம் என்று தொடங்க வேண்டும். முதலில் ஒன்பது வந்தது. அடுத்த எழுத்து வளைந்தது. 9சி. ஸ்ப்ரைட்டுக்கு அடித்த எழுத்து. நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன் போல, அம்மா தண்ணீர் கொண்டு வந்தார்.

இரட்டை கார்பரேட்டர் மண்ணெண்ணெய்க் காலத்தில் தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றுக்குச் சலைன் போத்தல் பெட்ரோல், மற்றதற்கு மண்ணெண்ணெய். இரண்டு சிலிண்டரில் இருமிக் கிளம்பும், சூடானதும் போத்தலை மூடி முழுசாக மாற்றிவிடுவார். கணக்கு வாத்தியார் இல்லையா.

தொண்ணூற்றைந்து அக்டோபர் முப்பதாம் தேதி ராத்திரியைப் பற்றி அவராகவேதான் சொன்னார். எல்லாரும் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் போகச் சொல்லி அறிவித்த இரவு. மைனருக்குள் ஒன்பது பேர், கூரையில் மூட்டை, அடுப்பு, ஒரு தையல் மெஷின். செம்மணி வீதி முழுக்கச் சனம், மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடக்கிறவர்களின் காலடி வேகத்தில் கார் போக வேண்டும். "முதலாம் கியரிலயே விடியும் வரை. நாலு தரம் கொதிச்சுது. மழைத் தண்ணியை ஏந்தி ரேடியேற்றருக்கு விட்டம். ஒரு கிழவி பொனற்றில கையை வைச்சுக் குளிர் காய்ஞ்சுகொண்டு எங்களோட நடந்தா. பேர் கேக்கேல்லை."

திரும்பி வந்தபோது ஸ்ப்ரைட்டின் சீட்டும் சக்கரங்களும் இல்லை. கூடு மட்டும் இருந்தது. கோழிகள் அதற்குப் பிறகு வந்தவை.

மத்தியானம் சாப்பிட வைத்தார்கள். நண்டுக் குழம்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய் வெள்ளைக்கறி. மறுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. சாப்பிட்ட கையோடு விலையைக் கேட்டது கொஞ்சம் அநாகரிகம்தான். கேட்டேன்.

"எதை வாங்கப் போறியள் தம்பி? உயிர் இஞ்ச, உடம்பு அங்க."

அம்மா உள்ளேயிருந்து, "உடம்பைச் சும்மா கொண்டு போகட்டும். கோழிக்கு ஒரு கூடு கட்டித் தந்தாச் சரி" என்றார்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஐம்பது வயது தாண்டிய வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுபோக வழி உண்டு, வரி வண்டி விலையைத் தாண்டும். கூடு மட்டும் என்றால் அது வண்டியா, பழைய இரும்பா என்று துறைமுகத்தில் ஒரு மாதம் ஓடும். தரை முழுக்கத் துரு, பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் உள்ளே போகிறது. இதெல்லாம் சமாளிக்கலாம். இதைவிட மோசமான கூடுகள் எழுந்து ஓடியிருக்கின்றன. ஆனால் 9சி இல்லாமல் அது எனக்கு வேண்டாம். 9சி வேண்டுமென்றால் மாஸ்டர் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எதில் கூட்டிப் போவார்?

"வாங்கோ, ஒரு ஓட்டம் போவம்" என்றார். மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில் வரை. முதல் கியருக்கு, பல் சத்தமில்லாமல் சேர உதவும் சிங்க்ரோ கிடையாது. சந்தியில் மாஸ்டர் கிளட்சை இருமுறை மிதித்து, ஒரு முடுக்குக் கொடுத்து, சத்தமே வராமல் போட்டார். நாற்பதைத் தாண்டவில்லை. புகைக்குழாயில் அந்த ஸ்ப்ரைட் குரட்டை இருந்தது. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு, "மாஸ்ரர், சுகமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 7, திங்கள் – பலாலி

காலையில் மறுபடி சண்டிலிப்பாய். கூட்டின் உள்சுவரில் ஏஎன்5 என்று தொடங்கும் சேசிஸ் தகடு இன்னும் இருக்கிறது. நம் ஆர்டிஓ ஆபீசில் செய்வது போலத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். சேவல் தாளைக் கொத்தியதில் ஒரு ஓட்டை. என்ஜின் தகட்டையும் அதே தாளில், பக்கத்தில் தேய்த்தேன். இருவரும் ஒரே தாளில் இருக்கட்டும்.

பக்கத்துத் தச்சரைப் பார்த்துக் கோழிக்கூட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். அம்மாவுக்கு முட்டை கையெட்டும் உயரத்தில் கதவு வைக்கச் சொல்லியிருக்கிறது. கூடு தயாரானால் தகரம் போட்டு, கீழே கல் வைத்து ஸ்ப்ரைட்டைத் தரையிலிருந்து தூக்கி வைப்பதாக மாஸ்டர் வாக்குக் கொடுத்தார்.

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆறு கறுத்தக்கொழும்பான். ஒன்றைக் காணோம், நான்தான் ஆட்டோவில் தின்றேன், கையில் வாசனை இருந்தது.

வரிசையில் நின்றபோது மாஸ்டர் கொடுத்த காகிதத்தைப் பிரித்தேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம், கரும்பலகைக் கையெழுத்தில், கோயமுத்தூரில் கிடைத்தால் அனுப்ப வேண்டிய சாமான்:

"டைனமோ பிறஷ் – 1 சோடி. பிளக் – 4. தண்ணிப் பம்ப் சீல் – 1. ஹெட் கஸ்கெட் – 1. (இரண்டு வேண்டாம். இப்ப பெற்றோல்தானே.)"